ஆகாயகங்கைக்கு இறங்கும் வழி

மலையேறும் பெருமையைப் பேசுவோர் பலர். மலையினின்று இறங்கிச் செல்லும் யாத்திரையின் இன்பத்தை எடுத்துரைப்போர் சிலரே. அவ்வின்பத்தை அறிய விரும்புவோர், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வந்து, அறப்பளீசுவரர் சந்நிதியில் வணங்கி, அதனருகே தொடங்கி ஆகாயகங்கை அருவிக்குச் செல்லும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் நிதானமாக இறங்கவேண்டும்.

முதற் படிகளில் வெயில் துணை வருகிறது. சற்றே இறங்கியதும் மரநிழல் குடைபோற் கவிகிறது. ஈரமண்ணும் உதிர்ந்த சருகும் கலந்த வாசனை எழுகிறது. கேட்பது காற்றின் ஒலியோ நீரின் ஒலியோ என்று மனம் மயங்கி நிற்கையில், கண்ணுக்குப் புலனாகுமுன் அருவி செவிக்குத் தரிசனம் தந்துவிடுகிறது. இறக்கத்தில் மூச்சு வாங்குவதில்லை. ஆயினும் உடலின் பாரத்தை முழங்கால்களே ஏற்பதால், அவசரம் என்னும் குணம் தானே அடங்கி, ஒவ்வொரு படியும் நம் கவனத்தைக் கேட்டுப் பெறுகிறது.

முடிவில், ஐயாறு என்னும் நதி ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பாறைச் சுவரை ஒட்டி வெண்மையாக வீழ்ந்து, தன் சாரலால் நம்மை அபிஷேகம் செய்கிறது. சிகரத்தை அடைந்தவன் உலகத்தைக் குனிந்து பார்க்கிறான். அருவியின் பாதத்தை அடைந்தவனோ அண்ணாந்து நோக்கிக் கைகூப்புகிறான். திரும்ப ஏறுகையில் ஒவ்வொரு படியிலும் கால்கள் கனக்கும். எனினும், ஈரம் உலராத உடலும் நிறைந்த உள்ளமும் அந்தச் சிரமத்தைப் பிரசாதமாகவே ஏற்றுக்கொள்கின்றன.