யாருடைய கதை?

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற வினாவுக்கு நாம் பன்முறை விடை கண்டுவிட்டோம். ஆயினும், மக்களுக்காக எழுதுகிறோம் என்று கூறிக்கொண்டே அவர்தம் வாயை அடைத்துவிடும் எழுத்தும் உண்டு. ஓட்டிசமுள்ள மாணவர்க்குச் சமூகப் பழக்கங்களைக் கற்பிக்கும் 'சமூகக் கதை'களை இந்நோக்கில் எடைபோட விழைகிறேன். இதுவும் ஓர் இலக்கிய வகையே; ஆகவே விமரிசனத்துக்கு உரியதே.

இவ்வகையை உருவாக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆசிரியை கரோல் கிரே. 1990களின் தொடக்கத்தில் அவர் வகுத்த முறை எளிமையானது. வரிசையில் நிற்றல், பிறர் பேசும்போது காத்திருத்தல் போன்ற ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொண்டு, அங்கே யார் இருப்பர், என்ன நிகழும், ஏன் நிகழும் என்பவற்றைப் பிள்ளையின் பக்கம் நின்று சிறு வாக்கியங்களிற் சொல்லுதல். ஏவல் ஒன்று வந்தால் விளக்கம் இரண்டேனும் வரவேண்டும். எழுதும் கதைகளிற் பாதியேனும் பிள்ளை ஏற்கெனவே நன்கு செய்வதைப் பாராட்ட வேண்டும் என்பன அவருடைய விதிகள்.

நமது ஆத்திசூடி ஏவுகிறது; காரணம் கூறுவது அரிது. பஞ்சதந்திரம் காரணங்களைக் கதையாக்குகிறது. ஆனால் அது அரசிளங்குமரர்க்குச் சொன்ன கதை. காரணம் அறியும் உரிமை ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கும் உண்டு என்று கொண்டமையே கிரேயின் முறைக்குள்ள பெருமை.

இதன் பயன் யாது? இங்கிலாந்தில் 87 பாடசாலைகளில் 249 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி, 2024இல் முடிவு வெளியிடப்பெற்ற ஆய்வு நேர்மையாக விடை கூறுகிறது. சமூக நடத்தையின் பொது அளவீட்டில் தெளிவான மாற்றம் இல்லை. ஆனால் அந்தந்தப் பிள்ளைக்கென வகுத்த குறிக்கோளை எய்துவதில் முன்னேற்றம் உண்டு. கதை பிள்ளையை வேறொருவனாக்கிவிடாது. ஒரு சூழ்நிலையை அவனுக்கு விளக்கும். அவ்வளவே.

இவ்வுண்மையை மறந்து நானே பிழை செய்தேன். என் வகுப்பில் ஒரு பையன், மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியிற் புகுந்துவிடுவான். 'மணி அடிக்கும்போது நான் அமைதியாக இருப்பேன்' என்று முடியும் கதையொன்றை எழுதிக் கொடுத்தேன். அவன் அதை மனனஞ் செய்து பிழையின்றி ஒப்புவித்தான்; மணி அடித்ததும் மேசைக்கடியிற் புகுந்தான். அதன் பின்னரே அவன் இருக்கை மணிக்கு மிக அருகில் இருப்பதைக் கண்டேன். இருக்கையை மாற்றினோம். மணி எப்போது அடிக்கும், ஏன் அடிக்கும், அதற்கு முன்னரே காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று கதையைத் திருத்தினேன். அவன் காதைப் பொத்துவது ஏன் என்று மற்றைய மாணவர்க்கும் ஒரு கதை எழுதினேன். என் முதற்கதை, கதை வேடமிட்ட கட்டளையே.

ஓட்டிசமுள்ளவரான ஆங்கில ஆய்வாளர் டேமியன் மில்ற்றன் 2012இல் இதனைத் தெளிவுபடுத்தினார். புரியாமை ஒருபக்கக் குறையன்று. அவர்களை நாம் புரிந்துகொள்ளாமையும் அதிற் பாதி. அப்படியாயின், ஒருபக்கத்தாருக்கு மட்டும் கதை எழுதுவது எவ்வாறு நீதியாகும்?

மொழி பற்றியும் ஒரு சொல். ஆங்கிலக் கதைகளை அப்படியே பெயர்த்தால், அட்டாளைச்சேனைப் பிள்ளைக்கு அது அயலூர்க் கதையே. சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் பிள்ளைக்குத் 'தாய்' யாரோ ஒருத்தி. 'உம்மா'வே அவன் உம்மா. பாங்கொலியும், கந்தூரிக் கூட்டமும், மீன்சந்தை இரைச்சலும், நெரியும் பஸ்ஸும் நம் கதைகளில் இடம்பெற வேண்டும்.

1945இல் இந்நாடு இலவசக் கல்வியை ஏற்றது. பாடசாலைக் கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே வந்த பிள்ளை தங்கியிருக்கவும் வேண்டும். நம் ஊரிலேயே ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்விக் கல்லூரி இருக்கின்றது. இக்கதைகளை எழுதும் பயிற்சி அங்கே வழங்கப்படட்டும். எழுதுமுன் ஒவ்வோர் ஆசிரியரும் ஒன்றைச் செய்க: அப்பிள்ளையின் இருக்கையில் ஒருநாள் அமர்ந்து பார்க்க.