641க்கு இரண்டு முகம்

4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட, அதுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணில் நாலு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. அதைக் கணினிதான் தொட முடியும். இதையோ ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நாமே பிரித்துப் பார்க்கலாம். என் மனம் இதில்தான் லயிக்கிறது.

2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று வைத்து, ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அதில் பிறப்பதுதான் நம் எண். வரிசை முழுக்கப் பகா எண்களே என்று 1640 வாக்கில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார், நிரூபணம் கிடைக்கவில்லை. 1729இல் கோல்ட்பாக் இதைப் பற்றி ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டார். 1732இல் ஆய்லர் பதில் சொன்னார்: 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஈவு 6700417.

கண்ணை மூடிக்கொண்டு தேடிக் கிடைத்ததல்ல 641. நம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று ஆய்லரே பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவதிலேயே பூட்டு திறந்துவிடுகிறது!

வகுத்துப் பார்க்காமலே இதை அறிய ஒரு வழி இருக்கிறது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத வழி. 641க்கு இரண்டு முகம். ஒரு பக்கம் அது 5 × 128 + 1. மறுபக்கம் 625 + 16, அதாவது 5இன் நாலாம் அடுக்கும் 2இன் நாலாம் அடுக்கும். முதல் முகத்தின்படி 640ஐ 641ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். ஆகவே 640இன் நாலாம் அடுக்குக்கு மீதி 1. அந்த நாலாம் அடுக்கு என்பது 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியது. இப்போது இரண்டாம் முகம்: 641ஐப் பொறுத்தவரை 625ம் −16ம் ஒன்றே. 625 இருந்த இடத்தில் −16ஐ வையுங்கள். 16 என்பது 2இன் நாலாம் அடுக்கு. 28உடன் 4 சேர்ந்து 32 ஆகிறது. எதிர்க்குறியோடு நிற்கும் 2இன் 32ஆம் அடுக்குக்கு மீதி 1. ஆக, அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். ஒரு துணுக்குக்கூட வீணாகவில்லை பாருங்கள்.

பகா எண் வரிசையிலிருந்து விழுந்ததால் நம் எண் இன்னொன்றையும் இழந்தது. 1796இல், 18 வயதில், காஸ் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது ஃபெர்மாவின் வரிசையிலுள்ள பகா எண்களில் ஒன்றாகவோ வெவ்வேறானவற்றின் பெருக்கற்பலனாகவோ இருந்தால்தான் அப்படி வரைய முடியும். 4294967297 பக்கங்களுக்கு வழியில்லை. ஆனால் 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் 4294967295, அதாவது நம் எண்ணுக்கு இரண்டே குறைவு. வரையக்கூடியதாக இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படை எண்களில் மிகப் பெரியது அதுதான்.