வராந்தாவிலிருந்து தெரியும் காலிம்போங்

கிரண் தேசாயின் 'தி இன்ஹெரிடன்ஸ் ஆஃப் லாஸ்' நாவலைப் பல்கலைக்கழக இறுதியாண்டில் வாசித்தேன். 2006இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். புரொஜெக்ட் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு மூன்று இரவுகள் அதோடு கிடந்தேன். மூடுபனி, பூஞ்சை பிடித்த 'சோ ஓயூ' வீடு, தூரத்தில் கஞ்சன்ஜங்கா. வாழ்க்கையில் ஒருமுறையாவது காலிம்போங் போகணும் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். சென்ற மாதம் மறுபடி வாசித்தபோது அதே மூடுபனி எரிச்சலைத் தந்தது. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1986இல் நடக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜெமுபாய், அவர் பேத்தி சாய், வீட்டுச் சமையல்காரர், நியூயார்க் உணவகங்களில் ஒளிந்து மறைந்து வேலை செய்யும் சமையல்காரரின் மகன் பிஜு. சாய்க்குக் கணிதம் சொல்லித்தர வரும் நேப்பாளி இளைஞன் க்யான் அவளைக் காதலிக்கிறான். பிறகு கூர்க்காலாந்து போராட்டத்தில் சேர்ந்து விலகிப் போகிறான். நீதிபதி தன்னையே வெறுக்கும் பக்கங்களும் பிஜுவின் பக்கங்களும் இப்போதும் என்னை உலுக்கின. என் புகார் அந்த ஊரைப் பற்றியது.

காலிம்போங் வெள்ளைக்காரர்கள் குளிருக்காகக் கட்டிக்கொண்ட ஓய்வு ஊர் மட்டும் கிடையாது. 1865இல் சிஞ்சுலா ஒப்பந்தத்தின் வழியாகப் பூட்டானிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்த பகுதி அது. ஜெலெப் லா கணவாய் வழியாகத் திபெத்துக் கம்பளி கோவேறு கழுதைகளின் முதுகில் வந்து இறங்கிய சந்தை. லெப்சா, பூட்டியா, நேவார், மார்வாரி, திபெத்தியர், சீனர் என்று பலரும் புழங்கிய இடம். 1925இல் தர்ச்சின் என்பவர் அங்கிருந்து திபெத்திய மொழியில் ஒரு செய்தித்தாளே நடத்தத் தொடங்கினார். 1962இல் இந்திய சீனப் போர் வந்தது. பாதை மூடப்பட்டது, கம்பளி வணிகம் நின்றது.

தேசாயின் காலிம்போங்கில் இந்தச் சந்தை மையத்துக்கு வருவதே இல்லை. ஊரின் சரிவு, பங்களாக்களின் சரிவாகவே தெரிகிறது. கூரை ஒழுகுகிறது, வெள்ளிக் கரண்டிகள் மங்குகின்றன. ஆனால் அந்த ஊரில் வேலை போன ஒருவனுக்கு 1986 எப்படி இருந்திருக்கும்?

க்யானிடம் வருவோம். அவன் முன்னோர்கள் தேயிலைத் தோட்ட வேலைக்காக நேப்பாளத்திலிருந்து வந்த கதையை நாவல் சொல்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவன் வீட்டுக்குள் நாம் நுழைவது சாயின் பின்னால்தான். அந்த வீட்டின் ஏழ்மை அவள் கண்ணுக்கு என்னவாகப் படுகிறதோ அதுவே நமக்கும். 1986 ஜூலை 27 அன்று, 1950ஆம் ஆண்டின் இந்திய நேப்பாள ஒப்பந்தத்தை எரிக்கக் காலிம்போங்கில் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள். தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்பவர்களையும் நேப்பாளக் குடிமக்களாகப் பார்க்க அந்த ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது என்பது அவர்களின் கோபம். நாவலில் அந்த நாளை, கூட்டத்துக்குள் இழுத்துவரப்பட்ட சமையல்காரரின் பயத்தின் வழியாகவே காண்கிறோம். பயம் உண்மைதான். கோபம் யார் வழியாக வந்திருக்க வேண்டும்?

பக்கத்து ஊரான டார்ஜிலிங்கில் இந்திர பகதூர் ராய் இருந்தார். 1964இலேயே நேப்பாளி மொழியில் 'ஆஜ ரமிதா ச்ச' எழுதியவர். மஞ்சுஸ்ரீ தாப்பாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல்தான் வந்தது. ஜனக் என்பவனின் வியாபாரம், குடும்பம், அரசியல் என்று போகும் நாவல். தேசாயின் வாக்கிய அழகு அதில் இல்லை. சில இடங்களில் கூட்டப் பேச்சு போலவும் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் கடன் பேசுகிறார்கள், கட்சி பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். மலையை ரசிக்க யாருக்கும் நேரமில்லை.

இதையெல்லாம் தேசாய்மேல் மட்டும் சுமத்திவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையில் தொழிற்சாலை வாசலில் ஒரு நேப்பாளி ஜாகா வருவார். கேட்டைத் திறப்பார், சிரிப்பார், மழையில் நனைவார். பெயர் கிடையாது. அவர்தான் என் கதையின் மூடுபனி.

ராயை வாசித்து முடித்த வாரம், நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது எங்கள் கம்பெனி ஜாகாவிடம் "டார்ஜிலிங்கா அண்ணே?" என்று மலாயில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நான் நேப்பாளம். அவங்க இந்தியா. எல்லாரும் மாத்தித்தான் சொல்றீங்க."

முகம் சுட்டது. என் தாத்தா இங்கே பால்மரம் வெட்டியவர். அப்பா, நான் எல்லாம் இங்கேதான் பிறந்தோம். அப்படியும் "நீ இந்தியாவிலிருந்து வந்தவனா?" என்று என்னிடம் கேட்டவர்கள்மேல் எத்தனை முறை கோபப்பட்டிருக்கிறேன். அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். க்யானின் கோபத்தில் பாதி இந்தக் கேள்விதான். வராந்தாவில் உட்கார்ந்து படித்ததால் எனக்கு முதல் வாசிப்பில் அது கேட்கவில்லை.

'தி இன்ஹெரிடன்ஸ் ஆஃப் லாஸ்' வாசிக்க வேண்டிய நாவல்தான். நீதிபதிக்காகவும் பிஜுவுக்காகவும் வாசியுங்கள். அதோடு ராயையும் வாசியுங்கள். நான் என் சிறுகதையைத் திறந்து வைத்திருக்கிறேன். ஜாகாவிடம் பெயர் கேட்டுவிட்டேன்; கதையில் வேறு பெயர்தான் வைப்பேன். கேட் திறக்காத நேரத்தில் அவர் என்ன யோசிப்பார் என்பதுதான் இன்னும் எழுத வரவில்லை.