இட்லித் தட்டும் இரண்டு கடலும்

'வெண்பா' என்ற வீடியோ கேமில் முதல் சவாலே இட்லித் தட்டுகளை அடுக்குவதுதான். நாயகியின் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் நோட்டு நைந்து, சில வரிகள் அழிந்துவிட்டன. ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேர எந்தத் தட்டை எப்படித் திருப்பி வைப்பது என்று நாமே யோசிக்க வேண்டும். தவறினால் யாரும் சாவதில்லை; மறுபடி அடுக்கலாம்.

டொரொண்டோவின் விசை கேம்ஸ் இதை 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988இல் கனடாவில் குடியேறியிருக்கும் வெண்பா, பாவலன் தம்பதியும் பிறகு பிறக்கும் அவர்கள் மகன் கவினும்தான் கதை. இதன் வேலைப்பாடு எனக்கு முழுசாகப் பிடிபட்டது, வளர்ந்த கவின் தனியாகச் சமைக்கும் கட்டத்தில். அதே நோட்டுதான், அவனுக்குத் தமிழ் தடுமாறுகிறது. குறிப்பு நமக்கும் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. கை திணறும்போதே அவன் இழந்தது என்னவென்று மனசில் உறைக்கிறது. எந்தச் சிறுகதைக்கும் வாய்க்காத உத்தி இது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குத்தான் போனது.

பிறகு ஏன் இத்தனை ஆட்டங்கள் துப்பாக்கியைத் தூக்குகின்றன? கணினிக்கு அது சுலபம். குண்டு பட்டதா இல்லையா என்று பார்த்தால் போதும். கோபித்துக்கொண்ட மகன் சாப்பிட வருவானா என்பதைக் கணக்காக்குவது கஷ்டம். 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1993இல் டூம் என்று அந்தச் சுலப வழியே ராஜபாட்டையாகிவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம் பையன்களின் போனிலும் இன்று அந்த வெடிச்சத்தம்தான்.

அவர்கள் வாசலிலேயே ஓர் அருமையான ஆட்டம் கிடக்கிறது. பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் தலைகீழ். இன்றைக்கு எந்தக் கடலில் இறங்குவது? விதிகளும் தயாராக இருக்கின்றன. பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்க வேண்டும்.

இதே கடலில் பாசி எடுக்கும் பெண்களை மட்டும் வைத்தே தனி ஆட்டம் செய்யலாம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாறையைச் சுரண்டாமல் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டு, மூச்சு தீருமுன் மேலே வந்துவிட வேண்டும். இதைவிடப் பதற்றமான ஆட்டம் எந்தப் போர்க்களத்தில் இருக்கிறது? யாராவது இதைச் செய்யத் துணிந்தால், வசனத்தை அந்தப் பெண்களே பேசிக் கொடுக்கட்டும்.