அலையும் ஆசானும்

ஒளியலையை நாடெங்கும் பரப்பிவிட்டால் கல்வியும் தானே பரவிவிடும் என்பார் உளர். வானில் வரும் அலை வீடுதோறும் நுழையும் என்பது உண்மை. அது மாணவன் உள்ளத்திலும் நுழையுமா என்பதே வினா. இதற்கு விடை காண, மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள வெராகுரூஸ் மாநிலத்தின் தொலைக்காட்சி வரலாறு பெரிதும் துணை செய்யும்.

வெராகுரூஸ், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி நீண்டு கிடக்கும் நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் மலைத்தொடர். தொலைக்காட்சி அலையோ ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. கடற்கரைச் சமவெளி அதனை எளிதில் ஏற்கும். மலை மறைத்த சிற்றூர் ஏற்காது. ஆதலின், தலைநகரத்து அலையை வாங்கி மீண்டும் பரப்பும் நிலையங்களை மலைகளின்மேல் அமைக்க வேண்டியதாயிற்று.

அந்நாட்டில் தொலைக்காட்சி பிறக்கும்போதே இரு வழிகள் எதிர்நின்றன. வெராகுரூசில் பிறந்து, அம்மாநில ஆளுநராக விளங்கிப் பின்னர் நாட்டின் அதிபரான மிகுவேல் அலெமான், அயல்நாட்டு முறைகளை ஆராயுமாறு 1947 இல் இருவரைப் பணித்தார். ஒருவர் எழுத்தாளர் சால்வடோர் நோவோ. மற்றவர் பொறியாளர் கில்லெர்மோ கொன்சாலெஸ் காமரேனா. அமெரிக்காவில் தொலைக்காட்சி வணிகர் கையில் இருந்தது. பிரிட்டனில் பொதுக் கழகத்தின் கையில் இருந்தது. நோவோவின் உள்ளம் பிரிட்டிஷ் முறையை நாடிற்று. அரசோ வணிக வழியையே தேர்ந்தது. 1950 செப்டம்பர் 1 ஆம் நாள் அலெமானின் ஆண்டறிக்கை உரையை ஒளிபரப்பியதும் தனியார் நிலையமே.

காமரேனா எளியவர் அல்லர். வண்ணத் தொலைக்காட்சிக்கெனத் தாம் வகுத்த அமைப்புக்கு 1942 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர். 1952 இல் மெக்சிகோ நகரில் 5 ஆம் அலைவரிசையை நிறுவியவர். 1965 ஏப்ரலில், வெராகுரூசின் லாஸ் லாஹாஸ் மலைமேலிருந்த ஒளிபரப்பு நிலையத்தைப் பார்வையிட்டுத் திரும்புகையில், சாலை விபத்தில் உயிர் நீத்தார். மூன்றாண்டு நிறையுமுன், அவர் நிறுவிய அதே அலைவரிசையில் பள்ளிப் பாடம் ஒலித்தது. விளம்பரம் சுமந்த அலை வீட்டுப் பாடத்தையும் சுமந்தது.

'தெலெசெகுண்டாரியா' எனப்படும் தொலைக்காட்சி இடைநிலைப் பள்ளியே அது. 1968 சனவரியில், கல்வி அமைச்சராக இருந்த நாவலாசிரியர் அகுஸ்தின் யாஞேஸ் காலத்தில், இத்திட்டம் தலைநகரிலும் ஏழு மாநிலங்களிலும் தொடங்கியது. அவ்வேழில் வெராகுரூசும் ஒன்று. தொடக்கத்தில் 304 வகுப்பறைகள், 6,569 மாணவர்கள். பாடத்துக்கொரு தனி ஆசிரியரை அனுப்ப இயலாத சிற்றூர்களுக்கென அமைந்த பள்ளி அது.

இதன் சிறப்புப் பெட்டியில் இருந்ததா? அன்று. அறைதோறும் ஓர் ஆசிரியர் நின்றார். அங்கேதான் சிறப்பு இருந்தது. பின்னாளில் வகுத்த முறைப்படி, ஏறத்தாழ கால்மணி நேரம் திரையில் பாடம். எஞ்சிய முக்கால்மணி நேரம் நூலும் பயிற்சியும் ஆசிரியர் விளக்கமும். திரைக்குரிய நேரத்தினும் ஆசிரியரோடு கழிந்த நேரம் மும்மடங்கு என்பது கருதற்குரியது. 1990-களில் பாடம் செயற்கைக்கோள் வழியே வரலாயிற்று. மலையின் மறைப்பும் பெரிதும் நீங்கியது. ஆயினும் ஆசிரியர் நீங்கவில்லை. இன்று பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் இப்பள்ளிகளில் பயில்வதற்கு இதுவே காரணம் எனலாம்.

மாறான சான்று ஒன்றும் உண்டு. 2015 டிசம்பர் இறுதியில் மெக்சிகோ தன் பழைய முறை ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்தி எண்முறைக்கு மாறியது. ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஒரு கோடி புதிய பெட்டிகளை அரசே வழங்கியது. 2020 இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, ஆகஸ்டு 24 முதல் ஏறத்தாழ மூன்று கோடி மாணவர்க்குத் தொலைக்காட்சியே முதன்மை வகுப்பறை ஆயிற்று. இணையம் இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தமையால் அரசு இவ்வழியை நாடியது. அது பிழையன்று. ஆனால் வீட்டில் பெட்டி ஒன்று, பிள்ளைகள் மூவர், வகுப்புகளோ மூன்று. ஐயம் எழுந்தால் திரையைக் கேட்க முடியுமா? முகம் வாடிய பிள்ளையைத் திரை அறியுமா? அலை எட்டிற்று, ஆசான் அருகில் இல்லை.

மற்றொரு குறையும் மறைத்தற்கு உரியதன்று. வெராகுரூசின் மலையூர்களில் நாவாட்டல், டோட்டோனாக் முதலிய தொன்மொழிகள் இன்றும் வாழ்கின்றன. திரைப்பாடமோ பெரும்பாலும் ஸ்பானியம். சோங்கோலிக்கா மலைப்பகுதியில் நாவாட்டல் மொழிக்கு வானொலி நிலையம் உண்டு. 2020 இலும் தொன்மொழி மாணவர்க்குப் பெரிதும் வானொலியே காட்டப்பட்டது. ஒலி ஒரு மொழிக்கும் ஒளி மற்றொரு மொழிக்கும் என்று பங்கிட்டால், தன் மொழி தாழ்ந்தது என்று குழந்தை எண்ணாதா? தாய்மொழியைக் கற்பிப்போர் இதன் கேட்டை நன்கு உணர்வர்.

கோபுரம் எத்தனை அடி, அலைவரிசை எத்தனை என்று எண்ணி ஒரு நாட்டின் ஒளிபரப்பை அளத்தல் போதாது. அலை சென்று சேரும் அறையில் விளக்கம் சொல்ல ஒருவர் இருக்கிறாரா, அவர் சொல்வது குழந்தைக்குத் தெரிந்த மொழியா என்று கேட்டல் வேண்டும். 304 அறைகளில் தொடங்கிய முயற்சி, முதற் கேள்விக்கு நல்ல விடை தந்தது. இரண்டாம் கேள்வி இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.