கடலடி விளக்கைத் தெரிதலும் சோதித்தலும்: இலங்கை, இந்தியக் கரைகளின் வழக்கங்கள்

மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பொதுவான நீர்ப்பரப்புகளாக இருந்தபோதிலும், அந்நீருக்கு அடியில் ஒருவர் கையில் பிடித்துச் செல்லும் மின்விளக்கு எதற்காக வாங்கப்படுகிறது, எதைப் பார்த்துத் தெரிவு செய்யப்படுகிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்னும் வினாக்களுக்கு இரு கரைகளிலும் ஒரே விடை கிடைப்பதில்லை. தமிழகத்தில் டார்ச் என்றும் இலங்கையில் ரோச் என்றும் வழங்கும் இச்சிறு கருவி இரு நாடுகளிலும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கே. அதைத் தாங்கும் கடலின் உப்பும் வெப்பமும்கூட ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் கடலட்டை பற்றிய சட்டங்களும், வடக்கிலங்கையின் போர்க்கால அனுபவமும், சுழியோடல் யாருடைய தொழில், யாருடைய பொழுதுபோக்கு என்னும் சமூக நிலையும் விளக்கைப் பற்றிய வழக்கங்களை இரு திசைகளில் இட்டுச் சென்றுள்ளன.

வெள்ளை அட்டை என அழைக்கப்படும் ஹோலோதூரியா ஸ்காப்ரா என்னும் கடலட்டை இனம் பகற்பொழுதின் பெரும்பகுதியை மணலுக்குள் புதைந்து கழித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் மேலே வந்து கடற்புல் படுகைகளில் இரை தேடுவதால், பகலில் சுழியோடியின் கண்ணுக்குத் தப்பும் அட்டை இரவில் விளக்கொளி பட்டவுடன் தெரிந்துவிடுகிறது. இலங்கையில் கடலட்டை பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றுச் செய்யவேண்டிய தொழிலாக இருக்கிறது. முதுகில் காற்றுக்கலம் பூட்டிச் செல்லும் சுழியோடிகள் கற்பிட்டி முதல் முல்லைத்தீவு, திருகோணமலை வரை இதில் ஈடுபடுகின்றனர். இரவுச் சுழியோடல் மட்டும் தடைக்குட்பட்டது. அத்தடையை மீறியவர்களைக் கடற்படையினர் கைதுசெய்து, படகோடும் சுழியோடற் கருவிகளோடும் கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைக்கும் செய்திகள் தொடர்ந்து வெளிவருகின்றன. இரவில் விளக்குடன் வரும் வெளிமாவட்டப் படகுகளுக்கு எதிராக வடபகுதிக் கடற்றொழிலாளர் போராடியதற்கும், தம் கரையோர வளம் ஒரே பருவத்தில் வழித்தெடுக்கப்படுகிறது என்னும் நியாயமான அச்சமே அடிப்படை.

இந்தியக் கரையில் வரலாறு வேறு வழியில் சென்றது. வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் நுட்பத்தில் 1988இல் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வெற்றி கண்டிருந்தபோதிலும், 2001இல் எல்லாக் கடலட்டை இனங்களும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டமையால், பிடித்தல், வைத்திருத்தல், விற்றல் ஆகிய அனைத்தும் குற்றமாயின. எஞ்சிய பெரிய சுழியோடல் தொழிலான சங்கு குளித்தல் சூரிய ஒளியை நம்பிய பகல்தொழில். அதற்கு விளக்குத் தேவைப்படவில்லை. ஆகவே இந்தியாவில் கடலடி விளக்கு என்பது அந்தமான், புதுச்சேரி, நேத்ராணி போன்ற இடங்களின் ஸ்கூபா பயிற்சி நிலையங்கள், பவளப்பாறை ஆய்வாளர், கிணற்றிலும் ஏரியிலும் மூழ்கியவரைத் தேடும் தீயணைப்பு மீட்புப் பணியாளர் ஆகியோரின் கருவியாக நிலைபெற்றது. தூத்துக்குடியில் கண்டறியப்பட்ட குஞ்சு பொரிப்பு நுட்பம் அக்கரையில் தொழிலாக வளர இயலாமற்போக, கிளிநொச்சி, யாழ்ப்பாண மாவட்டங்களின் ஆழங்குறைந்த களப்புகளிலும் கடனீரிலும் அட்டைப் பண்ணைகள் பெருகியிருப்பது இவ்வரலாற்றின் கவனிக்கத்தக்க திருப்பம்.

வடக்கிலங்கைக்கு மட்டும் உரிய மற்றொரு காரணமும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்கீழ் மின்கலங்கள் யாழ்ப்பாணத்துக்குள் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கியிருந்தன. மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. இரவு மீன்பிடியும் போர்க்காலத்தில் நீண்ட நாள்கள் தடுக்கப்பட்டிருந்தது. கையில் விளக்கு வைத்திருப்பதே ஐயத்துக்கு உரியதாயிருந்த அத்தகைய ஒரு கடற்கரையில், விளக்கைத் தெரிந்தெடுக்கும் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குப் படிப்படியாக வந்துசேர வாய்ப்பிருக்கவில்லை. போர் முடிந்த 2009க்குப் பின் சந்தையில் மலிவான எல்.இ.டி. விளக்குகள் குவிந்தபோது, அவற்றை மதிப்பிடும் மரபு அங்கே உருவாகியிருக்கவில்லை என்பதை இவ்வரலாற்றோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

தெரிவில் முதலில் முன்வைக்கப்படுவது லுமன் என்னும் அளவு. விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிப்படும் மொத்த ஒளியை அது குறிக்கிறதேயன்றி, குறித்த ஓரிடத்தில் எவ்வளவு ஒளி விழும் என்பதைக் குறிப்பதில்லை. பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. காற்றடிக்கும் காலத்தில் அடிச்சேறு கிளம்பிக் கலங்கிப்போவது. அத்தகைய நீரில் அகலக் கற்றையுடைய விளக்கின் ஒளி, மிதக்கும் நுண்துகள்களிற் பட்டுத் திரும்பி வந்து சுழியோடியின் கண்ணையே கூசச் செய்யும். லுமன் கூடக்கூட அவ்விடர் கூடுமேயன்றிக் குறையாது. ஆறு முதல் பத்துப் பாகை வரையுள்ள குறுகிய கற்றையே அங்கு ஊடுருவும். அந்தமானின் தெளிந்த நீரில் பவளப்பாறையின் நிறம் காணச் செல்பவருக்கு இதன் எதிர்நிலையே பொருந்தும்: நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீற்றர்களிலேயே விழுங்கிவிடுவதால், பகலிலும் நீலம் பூத்துக் கிடக்கும் பாறைக்குச் சிவப்பையும் மஞ்சளையும் மீட்டுத் தரும் அகன்ற, மென்மையான ஒளி அங்கே வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கச் செல்வோர் நண்பகலிலும் விளக்கின்றி அதன் உட்பகுதிகளைக் காண இயலாது, அங்கே ஆழத்தைத் தாங்கும் திறனே மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய தகுதி. ஒரே தீவின் கரையிலேயே பண்ணைக்காரருக்கும் கப்பற்சிதைவு காண்பவருக்கும் இவ்வளவு வேறுபட்ட விளக்குகள் தேவைப்படும்போது, கடைக்காரர் இருவருக்கும் ஒரே பெட்டியை நீட்டுவது பொருந்தாது.

இரண்டாவதாக, பெட்டியில் அச்சிடப்படும் நீர்த்தடைக் குறியீடுகள் பற்றிய தெளிவு வேண்டும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529ஆம் இலக்கத் தரத்தின்படி ஐ.பி.எக்ஸ். 7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் நீர் புகாதிருப்பதைக் குறிக்கும், ஐ.பி.எக்ஸ். 8 என்பது அதனினும் கடுமையான நிபந்தனையில் தொடர்ந்து மூழ்கியிருக்க வல்லது என்பதைக் குறிக்கும், ஆனால் அந்த ஆழத்தையும் நேரத்தையும் அறிவிப்பவர் உற்பத்தியாளரே. ஆகவே ஆழம் குறிக்கப்படாத ஐ.பி.எக்ஸ். 8 முத்திரை, சுழியோடும் ஆழத்தை விளக்குத் தாங்கும் என்பதை உறுதி செய்வதில்லை. இந்தியா இதே தரத்தைத் தன் தேசியத் தரமாக ஏற்றிருப்பதோடு, எடுத்துச்செல்லக்கூடிய கருவிகளில் பயன்படும் மீள்மின்னேற்றக் கலங்களுக்கு ஐ.எஸ். 16046 தரத்தின்கீழ் கட்டாயப் பதிவையும் விதித்திருப்பதால், அங்கு வாங்குபவர் கலத்தின் மீதேனும் ஒரு பதிவெண்ணைத் தேடிப் பார்க்க முடிகிறது. ஆனால் அப்பதிவெண் கலத்தின் மின்பாதுகாப்பை மட்டுமே பேசுகிறது, விளக்கின் உடலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எண்களை நம்பும் பழக்கம் இந்தியப் பக்கத்தில் வலுவாக இருப்பதன் நன்மையும் தீமையும் இங்கே ஒருங்கே தெரிகின்றன.

சோதனையின் உள்ளியல்பை விளக்குவதற்கு நீரழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீற்றருக்கு ஒரு கிலோகிராம் அளவு அழுத்தம் கூடுகிறது. நான்கு சென்டிமீற்றர் விட்டமுள்ள முகக்கண்ணாடியின் மீது முப்பது மீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 38 கிலோகிராம் சுமை அழுந்தும். அதே ஆழத்தில் ஒரு சென்டிமீற்றர் அகலமுள்ள அழுத்துபொத்தானின் மீது இரண்டு கிலோகிராமுக்கு மேல் அழுந்துவதால், சில விளக்குகள் தாமே எரியவும் அணையவும் தொடங்குகின்றன. உடலில் துளையே இல்லாமல் வெளியிலுள்ள காந்தத்தை நகர்த்தி உள்ளிருக்கும் இணைப்பை இயக்கும் காந்தவிசை (காந்த சுவிட்ச்) இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கிறது. திசைகாட்டியை அதனருகில் வைத்தால் முள் பிறழும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

உடலும் மூடியும் சேருமிடத்தில் நீரைத் தடுப்பது ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம். ஆழம் கூடக்கூட அழுத்தம் அவ்வளையத்தைத் தன் பள்ளத்தின் ஓரத்துக்கு மேலும் நெருக்கித் தள்ளுவதால், நல்ல வளையம் ஆழத்தில் இறுகிக்கொள்கிறது. தளர்ந்த வளையமோ முதல் இரண்டு மீற்றரிலேயே கசிந்துவிடுகிறது. இவ்வுண்மை அறியப்படாமையால் ஏற்படும் தவறான முடிவு இரு கரைகளுக்கும் பொது: வாளித் தண்ணீரில் தேறிய விளக்கு கடலிலும் தேறும் என்று ஒரு சாராரும், வாளிச் சோதனை வீண்வேலை என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். வாளி வளையத்தைச் சோதிக்கிறது, ஆழம் கண்ணாடியையும் விசையையும் சோதிக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாவதில்லை.

முறையான சோதனை மின்கலம் இல்லாமலே தொடங்க வேண்டும். வளையத்தைக் கழற்றி, மணற்பருக்கையோ தலைமுடியோ ஒட்டியிராதபடி துடைத்து, வளையத்தின் பொருளுக்கு ஏற்ற மசகைப் பளபளப்பு வருமளவுக்கு மட்டும் தடவி மாட்ட வேண்டும். சிலிக்கோன் வளையத்துக்குச் சிலிக்கோன் மசகு இட்டால் வளையம் ஊதிக் கெடும், கறுப்பு நைட்ரைல் வளையத்துக்கு அதுவே உகந்தது. மின்கலத்தின் இடத்தில் மெல்லிய காகிதக் கைக்குட்டையைச் சுருட்டி வைத்து மூடி, விளக்கை வெயிலில் சூடேற்றிப் பின் வாளி நீரில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, கசிவு இருக்குமாயின் வெளிநீரைத் தானே உறிஞ்சும். 45 பாகை செல்சியசிலிருந்து 28 பாகைக்கு இறங்கும்போது உள்ளழுத்தம் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு குறைவதால், சாதாரண வாளியிலேயே கூடுதலாக அரை மீற்றர் ஆழத்துக்கு ஒப்பான இழுவை கிடைத்துவிடுகிறது. காகிதம் உலர்ந்திருந்தால் அடுத்த கட்டம் கடலில் நடைபெறும்: ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் விளக்கைப் பிணைத்து, பயன்படுத்தப்போகும் ஆழத்தினும் சில பாகம் கூடுதலாக இறக்கி, அரைமணி நேரம் விட்டு எடுக்க வேண்டும். பாகம் என்பது விரித்த இரு கைகளின் அளவு, ஏறத்தாழ ஆறடி. வலைத்தொழிலில் ஆழத்தை அளக்க இரு கரைகளிலும் வழங்கும் அளவு.

இந்த இடத்தில் இலங்கை வழக்கம் மேம்பட்டு நிற்க வாய்ப்புள்ளது. படகும் கயிறும் ஈயமும் ஆழம் அறிந்த அனுபவமும் தொழிற்சுழியோடிக்கு அன்றாடம் கைக்கெட்டுபவை; அவருக்குக் கடலே சோதனைக்கூடம். இந்தியப் பயிற்சி நிலையமோ நீச்சற்குளத்தில் தொடங்கி, ஒவ்வொருவரும் ஒரு முதன்மை விளக்கும் ஒரு மாற்று விளக்கும் ஏந்த வேண்டும் என்னும் பன்னாட்டுப் பயிற்சி ஒழுங்கைக் கற்பிக்கிறது. ஒளியை வட்டமாகச் சுழற்றினால் நலம், பக்கவாட்டில் விரைந்து அசைத்தால் ஆபத்து அல்லது கவனம் என்னும் சைகைகளும் அங்கே பாடமாகின்றன. தொழிற்சுழியோடியிடம் இருக்கும் களமும் பயிற்சி நிலையத்திடம் இருக்கும் ஒழுங்கும் ஓரிடத்தில் சேரவில்லை. இலங்கையில் இரவுச் சுழியோடல் தடைக்குட்பட்டிருப்பது வளப்பாதுகாப்பு நோக்கில் சரியான முடிவே. ஆனால் தடைசெய்யப்பட்ட செயலுக்குரிய கருவியைப் பற்றிப் பேசுவதும் தவறு என்னும் எண்ணம் அதோடு வளர்ந்துவிட்டால், சட்டத்துக்கு உட்பட்டுப் பகலில் கலங்கிய நீரில் இறங்குபவரும், இரவில் முழங்காலளவு நீரில் பண்ணையைக் காப்பவரும் அறிவில்லாமல் விடப்படுகின்றனர். மாற்று விளக்கை இடுப்பில் கட்டிச் செல்வது எந்த வளத்தையும் அழிப்பதில்லை; அது ஓர் உயிரைக் காக்கிறது. கடற்றொழிலாளர் சங்கங்கள் இதை வெளிப்படையாகக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும்.

மின்கலத்துடன் செய்யும் இறுதிச் சோதனை நேரம் பற்றியது. 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட 18650 வகை லித்தியம்-அயன் கலம் நிறைமின்னேற்றத்தில் 4.2 வோல்ற்றைக் காட்டும். பெட்டி கூறும் நேரம் பெரும்பாலும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எடுத்துக்கொண்ட கணக்கு. ஆகையால் ஒளி எப்போது பாதியாகிறது என்பதைக் கடிகாரம் கொண்டு தனியே பார்க்க வேண்டும், அதுவும் விளக்கை நீருக்குள் வைத்தே பார்க்க வேண்டும். நீராற் குளிர்விக்கப்படுவதற்கென அமைந்த விளக்கு காற்றில் நீண்டநேரம் எரிந்தால் சூடேறிக் கெட்டுவிடும். உள்ளே உப்புநீர் புகுந்த விளக்கைத் திறப்பதில் பெரும் எச்சரிக்கை தேவை. நனைந்த கலம் வாயுவை வெளியிட்டு உள்ளே அழுத்தத்தைச் சேர்த்திருக்கக்கூடும் என்பதால், மூடியை முகத்துக்கோ அருகிலிருப்பவருக்கோ நேராகப் பிடிக்காமல், திறந்தவெளியில் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

பயன்பாட்டுக்குப் பிந்திய கழுவலில் இரு கரைகளும் ஒரே இடரைச் சந்திக்கின்றன. விசையின் விளிம்பிலும் மூடியின் புரியிலும் உலரும் உப்பு படிகமாகி அடுத்த முறை வளையத்தை அறுக்கும். அதைக் கரைக்க நன்னீர் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தின் தீவகத்திலும் இராமேசுவரத்துக் கரையோரத்திலும் பல கிணறுகளின் நீரே உவர்நீர். அங்கே ஓடும் நீரில் அலசுவதைவிட, சேமித்த மழைநீரை ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து, மூடி இறுகிய நிலையில் விளக்கை அரைமணி நேரம் ஊறவைத்து, விசையை நீருக்குள்ளேயே பலமுறை முன்னும் பின்னும் நகர்த்தினால், குறைந்த நீரிலேயே உப்பு நீங்கும். அதன்பின் விளக்கை நிழலில் உலர்த்தி, மின்கலத்தை வெளியே எடுத்து, வளையம் அழுந்திக் கிடக்காதபடி மூடியைத் தளர்த்தி வைத்தல் வேண்டும்.