மூக்கு வழியே ஒரு குருவி

ஹைக்கூவில் சிரிப்பு வேண்டுமென்றால் நான் முதலில் தேடிப்போவது ஜப்பானியக் கவிஞர் கோபயாஷி இஸ்ஸாவிடம்தான். 1763இல் பிறந்து 1828இல் மறைந்தவர். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். பெற்ற பிள்ளைகளையும் பிஞ்சிலேயே பறிகொடுத்தார். அழுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தும் ஈ, தவளை, பேன் என்று கண்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய இருபதாயிரம் ஹைக்கூ எழுதினார். பெரிய புத்தரின் மூக்கிலிருந்து தகைவிலான் குருவி பறந்து வருகிற கவிதையும் அவருடையதுதான்.

அதன் கைவேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஐந்து, ஏழு, ஐந்து என்ற அசைக் கணக்கில் முதல் ஐந்தில் பெரிய புத்தர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நாமும் கைகூப்பத் தயாராகிறோம். அடுத்த ஏழில் மூக்கு வருகிறது, அதிலிருந்து ஏதோ வெளியே வருகிறது. என்ன வருகிறதென்று அங்கே சொல்லமாட்டார். மூக்கிலிருந்து வருவது என்றால் சாதாரண மனிதருக்கு என்ன நினைவு வரும்? அந்த அசட்டு நினைப்போடு நம்மைத் தவிக்கவிட்டு, கடைசி ஐந்தில்தான் குருவியைப் பறக்கவிடுகிறார். கூப்பப்போன கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த ஊர்ப் புத்தர் என்று கவிதை சொல்லவில்லை. பெரிய புத்தர் என்றால் எனக்கு நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயில்தான் நினைவுக்கு வரும். அங்கே சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 752இல் அவருக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. மூக்கைத் திறந்துவிட்டவர் இஸ்ஸா என்று வைத்துக்கொள்ளலாம். அதே மண்டபத் தூண் ஒன்றில், புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவுதான் என்று சொல்லப்படுகிற ஓட்டை ஒன்று உண்டு. புகுந்து வெளியே வந்தால் நல்லது நடக்குமாம். பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு வயிறு இடிக்கும். பக்தியும் விளையாட்டும் ஒரே ஓட்டைக்குள் புகுந்து வருகின்றன.

இந்தத் தகைவிலான் இலங்கையில் எங்கள் மன்னாருக்கும் புதிய ஆள் இல்லை. மாரி தொடங்கும் முன்பே வந்துவிடும். தள்ளாடியிலிருந்து மன்னார்ப் பாலத்துக்கு வருகிற வீதியில், வங்காலைப் பக்கத்து நீரேரிக்கு மேலே, தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். எல்லாரும் பூநாரைக்குக் கண்ணாடி போட்டுப் பார்ப்பார்கள். இதை ஒருவரும் கவனிப்பதில்லை. இங்கே அது கூடு கட்டுவதுமில்லை. ஜப்பானியக் கவிதையில் தகைவிலான் வந்தால் வசந்தம் வந்ததாகக் கணக்கு. இங்கே பங்குனி வெயில் ஏறும்போது அது புறப்படுகிற குருவி.

இஸ்ஸாவின் சிரிப்பில் ஏளனம் இல்லை. அவர் அமிதாப புத்தரை நம்பிய பக்தர்; உரிமை இருந்ததால் சீண்டினார். இந்த உரிமை எங்களுக்கும் தெரியாததில்லை. மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரர் சிவனை நடுராத்திரியில் மனைவி பரவையார் வீட்டுக்குத் தூது அனுப்பினவர். கண் போனபோது நேருக்கு நேர் சண்டை பிடித்தவர். சம்பந்தரும் இதே தலத்தைப் பாடியிருக்கிறார் என்றாலும், கடவுளை இப்படி வேலை வாங்கியதில் சுந்தரருக்குத்தான் என் வாக்கு.

புத்தரிடம் அந்த உரிமை எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. போருக்குப் பிறகு வடக்கில் அரச மரத்தடியில் ஒரு சிலை எழும்பினால் காணி, வழக்கு, பொலிஸ் என்றுதான் பேச்சுப் போகும். பாவம், அவர் அதே பாதி மூடிய கண்ணோடு உட்கார்ந்திருப்பார். மன்னார்த் தெருக்களில் அலைகிற கழுதைகளில் ஒன்று அந்த நிழலுக்குள் போய் நின்று காதை ஆட்டினால், இஸ்ஸா அந்த இடத்திலேயே மூன்று வரி எழுதிவிடுவார். நாங்கள் எழுதினால், எந்தப் பக்கத்துக்காக எழுதினது என்று கேட்பார்கள்.